திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் தலைவர்களுக்கு: அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று யாரிடம் கேட்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறவன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில், ஆபீசுக்கும் புரொடக்‌ஷனுக்கும் நடுவில் நிற்கிற வேலை. அங்கே நின்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். இந்தத் தொழில் நன்றாக ஓடினால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். அதைவிட, லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போடும் இந்த ஊர் இன்னும் இருபது வருடம் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 7 அன்று நம் துணிகள் மீது அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அதே மாதம் 27ஆம் தேதி அது 50 சதவீதமானது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. கையில் இருந்த ஆர்டரை அனுப்புவதா நிறுத்துவதா என்று தெரியாமல் தவித்தோம். பேசிய இடமெல்லாம் ஒரே கேள்வி: "இதை யாருங்க எதிர்பார்த்தாங்க?"

50 என்ற அந்த எண்ணை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாதுதான். நம் நாடு ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்கான அபராதம் டி-சர்ட் மேல் விழும் என்று எவராலும் ஊகித்திருக்க முடியாது. ஆனால் திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சில கம்பெனிகளில் ஒரே பையர்தான் முக்கால்வாசி ஆர்டர். அவர் நின்றுபோனால் இத்தனை டைலர், இத்தனை செக்கிங், இத்தனை வங்கிக் கடனை எப்படிச் சமாளிப்போம் என்ற கேள்வியை வரி வருவதற்கு முன்னால் எத்தனை கம்பெனியில் கேட்டிருப்பார்கள்? எந்தப் புயல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நம் கூரையில் எந்தத் தகரம் ஆடுகிறது என்று பார்க்க முடியும். அதைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. இந்தக் கடிதத்தின் விஷயம் அதுதான்.

இதற்கு முன் பட்ட பெரிய அடியை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியைச் சாயம் போட வெளி மாவட்டத்துக்கும் வெளி மாநிலத்துக்கும் லாரி ஏற்றினோம். அன்றும் அதைத் திடீர் உத்தரவு என்றுதான் பேசினோம்.

எது திடீர்? நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. அதில் சேர்ந்தது சாயத் தண்ணீர். பயிர் கருகியது, கிணறு கெட்டது, ஆடு மாடு குடிக்க முடியவில்லை. கடைசியில், அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலைமை வந்தது. தண்ணீருக்காக ஏங்கும் நம் கொங்கு மண்ணில் ஒரு விவசாயி அப்படிக் கேட்கிறார் என்றால் அவர் எவ்வளவு நொந்துபோயிருக்க வேண்டும்! 2003இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்தப் பாசன விவசாயிகள், வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடுவதை நிறுத்தக் கெடு வைத்துத் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்குப் பிறகுதான் 2011. அணை வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 19 வருட அவகாசம் நமக்குக் கிடைத்திருந்தது.

அந்த 19 வருடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஆற்றங்கரை விவசாயிக்குத் தெரியும். இரவு ஷிஃப்டில் பட்டறைக் கழிவை ஆற்றுப் பக்கம் திறந்துவிட்ட தொழிலாளிக்குத் தெரியும். சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு எவ்வளவு, வருகிற தண்ணீர் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதிய ஆபரேட்டருக்குத் தெரியும். முடிவெடுக்கும் மேசையில் இவர்களில் ஒருவருக்கும் நாற்காலி இல்லை. வந்தபோதும் எதிர்த்தரப்பாக, வக்கீலோடு வந்தார்கள். அவர்கள் சொன்னதைத் தகவலாக எடுத்துக்கொள்ளாமல் தொழிலுக்கு வந்த தொந்தரவாக எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் என்ன நடந்தது? கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு ஊரே மாறியது. பெரிய செலவு, பலர் தாங்க முடியாமல் தொழிலையே விட்டுப் போனார்கள். இன்று ஐரோப்பாவிலிருந்து பையர் வந்தால் நாம் முதலில் அழைத்துப்போய்க் காட்டுவது அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைத்தான். திருப்பூரின் பலமாக நீங்கள் மேடைக்கு மேடை சொல்வதும் அதுதான். அப்படியானால் அந்த விவசாயிகள் 1990களில் சொன்னது, 2020களின் சந்தை நம்மிடம் கேட்கப்போகும் ஒன்றை. அவர்கள் பேச்சைத் தொடக்கத்திலேயே காது கொடுத்துக் கேட்டிருந்தால் மூடல் இல்லாமலே இந்த இடத்துக்கு வந்திருக்கலாம். மற்ற ஊர்களைவிடப் பத்து வருடம் முந்தியும் வந்திருக்கலாம்.

சரி, அது பழைய கதை. இன்றைக்கு யார் சொல்வது நம் காதில் விழவில்லை?

என் கணக்கில் முதலில் வருவது ஆள் விஷயம். "ஆள் கிடைக்கறதில்லைங்க" என்பது இந்த ஊரில் தினமும் கேட்கிற பேச்சு. ஒரு காலத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அது குறைந்தபோது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், அசாம் என்று போனோம். இன்று வடமாநிலத் தொழிலாளர்கள் இல்லாவிட்டால் பாதி லைன் நின்றுவிடும். வடக்கே ஆள் வற்றவே வற்றாது என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஒடிசாவிலும் அதே 1.8. மேற்கு வங்கத்தில் 1.6, நம்மைவிடக் குறைவு. ஜார்க்கண்ட் 2.3, உத்தரப் பிரதேசம் 2.4. பீகார் மட்டும்தான் 3.0, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் பதினைந்து வருடத்தில் இருபது வயதாகப்போகும் பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஜோசியம் எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடப் பதிவேடு போதும். அந்த மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலை தொடங்கினால் சலுகை தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள். ஒன்றிய அரசு 2023இல் அறிவித்த ஏழு பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று நம் விருதுநகருக்கு வந்தது. ஒன்று லக்னோ பக்கம், இன்னொன்று மத்தியப் பிரதேசத்தின் தார் பகுதியில். சொந்த ஊரிலிருந்து நாலு மணி நேரத்தில் வேலை கிடைத்தால், இரண்டு நாள் ரயில் ஏறி நம் ஊருக்கு வந்து ஒரு அறையில் எட்டுப் பேராக யார் படுப்பார்கள்?

2023 மார்ச் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்திலேயே அது பெரிய பிரச்சினையானது. அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் நம் ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. அரசும் போலீசும் இந்தியில் அறிவிப்புச் செய்து ஓரளவு சமாளித்தார்கள். அந்த நாட்களில் எனக்கு ஒன்று உறைத்தது. பல வருடமாக நம்மிடம் வேலை பார்க்கிற ஒரு பையன், நம் கம்பெனி மேனேஜர் சொல்வதைவிட முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய வீடியோவை நம்புகிறான். ஏன்? அவனுடைய மொழியில் அவனிடம் பேசுகிற, அவன் நம்புகிற ஒரு ஆளை நாம் வைத்திருக்கவில்லை. காண்டிராக்டர் மூலமாக வந்தான், காண்டிராக்டர் மூலமாகவே சம்பளம் வாங்குகிறான், அவன் மனதில் ஓடுவது காண்டிராக்டரைத் தாண்டி மேலே வருவதில்லை. தொழிற்சங்கங்களோடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் பேசுகிறீர்கள். அந்த மேசையில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிரதிநிதி என்று ஒருவர் உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் பெண்கள் விஷயமும் இதில்தான் வருகிறது. ஊரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் வீட்டில் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்று இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளித் தேடுகிற நாம், பக்கத்துத் தெருவில் இருக்கும் கைத்திறன் ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டோமா? கேட்டால் சொல்வார்கள்: ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிஃப்ட், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, ஏப்ரல் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியவில்லை, சூப்பர்வைசர் பேசுகிற பேச்சு சரியில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆடிட் ஃபைலில் கிரெச் இருக்கிறது. தொட்டிலில் குழந்தை இருக்கிறதா என்று உங்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்?

ஆடிட் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. இதை நான் உள்ளிருந்து பார்க்கிறேன். பையரின் ஆடிட்டர் வருகிறார் என்றால் தரை பளபளக்கும், தீயணைப்புக் கருவி துடைக்கப்படும், யார் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிக்கொடுப்போம். பல வருடம் இப்படிப் பழகி, கெட்டதை மறைப்பதில் நம் ஆட்கள் தேர்ந்துவிட்டார்கள். இப்போது அதையே உங்களிடமும் செய்கிறார்கள். ஆடிட்டருக்குக் காட்டுகிற கம்பெனியைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். முதலாளி உள்ளே வரும் முன் வாட்ச்மேன் போன் அடித்துவிடுவார். புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டில் எல்லாம் நேரப்படி ஓடுவதாக இருக்கும். துணி காம்பாக்டிங்கிலிருந்து (சுருங்காமல் இருக்க அழுத்தி எடுக்கும் வேலை) வரவில்லை, ஷேடு (நிறம்) ஒத்துப்போகவில்லை என்பது லைனில் உள்ள எல்லோருக்கும் வாரக்கணக்காகத் தெரிந்திருக்கும். உங்கள் காதுக்கு வரும்போது கப்பலுக்கு நேரம் தாண்டியிருக்கும், விமானத்தில் சொந்தச் செலவில் அனுப்பினால்தான் ஆர்டர் தப்பிக்கும். ஒரு ஷிப்மெண்ட் விஷயத்திலேயே தகவல் மேலே வர இத்தனை தாமதம் என்றால், பத்து வருடத்துக்குப் பிறகு வரப்போகும் ஆபத்தைப் பற்றிய தகவல் எப்படி வந்து சேரும்?

இதற்கு ஆட்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவன் முதலில் திட்டு வாங்குகிறான். அடுத்த முறை அவன் வாயைத் திறப்பானா? கீழேயிருந்து கட்டிங் மாஸ்டராக, டைலராகத் தொடங்கி முதலாளியானவர்கள் இந்த ஊரில் அநேகம் பேர். உங்களுக்கு மெஷின் சத்தத்தைக் கேட்டே லைன் சரியாக ஓடுகிறதா என்று தெரியும். அந்தக் காது இந்த ஊரைக் கட்டியெழுப்பியது. ஆனால் ஆபீஸ் மேல்மாடிக்குப் போய், வீடு கோயம்புத்தூருக்குப் போன பிறகு அந்தச் சத்தம் அங்கே எட்டாது. அடுத்த தலைமுறை நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறது, எக்ஸெல் ஷீட் நன்றாகப் பார்க்கிறது. அந்தப் பிள்ளைகள் ஆறு மாதமாவது லைனில் உட்கார வேண்டும்.

சந்தை பற்றி அதிகம் எழுதவில்லை, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று விஷயங்கள் மட்டும். உலகில் தயாராகும் இழையில் பாலியஸ்டர் பாதிக்கு மேல், பருத்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நாம் இன்னும் பெரும்பாலும் பருத்தியில்தான் நிற்கிறோம். 2022இல் ஒரு கண்டி (ஏறக்குறைய 356 கிலோ) பஞ்சு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது பட்ட பாடு நினைவிருக்கும். செயற்கை இழைக்கான நிட்டிங், சாயம், டிசைன் தெரிந்த ஆட்களை வளர்க்க வருடங்கள் பிடிக்கும், விலை ஏறிய பிறகு தொடங்கினால் நடக்காது. ஐரோப்பாவில் கட்டாய உழைப்பில் உருவான பொருளுக்குத் தடை 2027 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. நூற்பாலை விடுதிகளில் இளம்பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்வியை வெளியார் 2011 வாக்கிலேயே உலகத்தின் முன் வைத்தார்கள். நம் நூல் எந்த மில்லிலிருந்து வருகிறது, அங்கே யார் வேலை பார்க்கிறார்கள் என்று இப்போதே பார்த்து வைக்காவிட்டால், 2011 ஜனவரி போல இன்னொரு திடீர் வரும். ஐரோப்பாவில் வரிச் சலுகை வாங்கித் தரும் வறிய நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. 2026 நவம்பர் என்று தேதி குறித்தது. அதன் பிறகும் மூன்று வருடம் ஐரோப்பாவில் அவர்களுக்கு வரியில்லை. அதை நம்பி நாம் ஓய்ந்து உட்கார முடியாது.

எண்ணெய்க் கம்பெனியான ஷெல் 1970களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தது. எண்ணெய் விலை இப்படியே இருக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம். அவர்களுடைய திட்டப் பிரிவு ஒரே எதிர்காலத்தைக் கணிக்காமல், நடக்கக்கூடிய சில எதிர்காலங்களை எழுதி மேலதிகாரிகள் முன் வைத்தது. அதில் ஒன்று, எண்ணெய் விற்கும் நாடுகள் சேர்ந்து விலையை ஏற்றிவிடுவது. 1973 அக்டோபரில் அது நடந்தே விட்டது. மற்ற கம்பெனிகள் விழித்தபோது ஷெல் ஓரளவு தயாராக இருந்தது. இதில் நமக்கு முடியாதது எதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம் கம்பெனியின் எல்லாப் பிரிவிலிருந்தும் ஆளைக் கூப்பிடுங்கள். "2030இல் நம் கம்பெனி மூடிவிட்டது. ஏன் மூடியது என்று எழுதுங்கள்" என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம், எழுத வராதவர்கள் வாயால் சொல்லட்டும். என்ன ஆபத்து என்று கேட்டால் தயங்குவார்கள். மூடியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் பேச்சு வந்துவிடும். ஒரே காரணம் பத்துத் தாளில் இருந்தால் திங்கட்கிழமை முதல் அதைப் பாருங்கள். ஒரே ஒரு தாளில் மட்டும் இருக்கும் காரணத்தை இரண்டு முறை படியுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்களிடம் பேசுங்கள். அவர்களுக்கு இனி பயமில்லை, உண்மையைச் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளிடம் கூலிக்கு வேலை எடுத்து ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைக்காரர்களையும் கேளுங்கள். ஊரில் பணப்புழக்கம் இறுகுவது வங்கிக்குத் தெரியும் முன்னே அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் பெரிய கம்பெனியின் செக் தேதி தள்ளிப்போவது அவர்கள் வீட்டில்தான். சங்கக் கூட்டங்களில் ஒரு முடிவை எல்லோரும் கைதட்டி ஏற்கும் முன், இது ஏன் தவறாகப் போகலாம் என்று சொல்லும் பொறுப்பை முறை வைத்து ஒருவருக்குக் கொடுங்கள். அவர் சொன்னதற்காகப் பிறகு யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த பொதுக்குழுவின் முதல் ஒரு மணி நேரத்தை ஐந்து பேருக்குக் கொடுங்கள். ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயி ஒருவர், டைலர் பெண் ஒருவர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி ஒருவர், ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் ஒருவர், சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் ஒருவர். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். அங்கேயே பதில் சொல்ல வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். சொன்னதை எழுதி வையுங்கள். அடுத்த வருடப் பொதுக்குழுவில் அதை வாசித்து, எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று சொல்லுங்கள். வருகிறவர்களுக்கு அன்றைய சம்பளம் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசியதற்காக அவர்கள் வேலை போகாது என்று தலைவர் மேடையிலேயே சொல்ல வேண்டும். இந்திக்கும் ஒடியாவுக்கும் மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது, வருகிறவர்களைத் தேடிப் போய்ப் பேசி அழைத்து வருவது, குறிப்பெடுப்பது எல்லாவற்றையும் என்னைப் போன்ற சிலர் செய்யத் தயாராக இருக்கிறோம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் வேலை பார்க்கும் ஒரு மெர்ச்சண்டைசர்